பழைய ஜீப்புக்கு முன் வீல் பேரிங்: எந்த எண்ணை வாங்குவது?

கேள்வி இதுதான்: போடிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஓடும் 1976 மாடல் மகிந்திரா சிஜே 3பி ஜீப். முன் சக்கரத்தில் இரைச்சல் வருகிறது, பேரிங் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஒரு கடையில் "ஜீப் வீல் பேரிங்" என்று கேட்டால் 18590/20 என்று ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். அடுத்த கடையில் எல்எம் 501349/10 தருகிறார்கள். இரண்டு பேருமே "இதுதான் ஜீப் பேரிங்" என்று அடித்துச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டுமே ஜீப்பில் வருகிற பேரிங்தான். ஆனால் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று உட்காராது. உங்கள் வண்டி சிஜே 3பி-யாகவே, உள்ளது உள்ளபடி இருந்தால், முன் சக்கரத்துக்கு 18590 கோனும் (ரோலர்கள் உள்ள உள் துண்டு) 18520 கப்பும்தான் (வெளி வளையம்). ஒரு சக்கரத்துக்கு இரண்டு செட், உள் பக்கம் வெளிப் பக்கம் இரண்டுக்கும் அதே எண். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு செட். இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப்பில் இருந்து வழிவழியாக வந்த அளவு இது.

ஆனால் இந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வண்டி "உள்ளது உள்ளபடி" இருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இருந்து இன்று வரை நம் ஊரில் ஓடும் ஜீப்புகளில் எத்தனையோ, ராணுவ ஏலத்தில் வந்த ஆக்சில், வேறு வண்டியின் ஹப் (சக்கரத்தின் நடுக் கூடு), எங்கிருந்தோ கழற்றிய ஸ்பிண்டில் (ஹப் சுற்றுகிற தண்டு) என்று கலந்து கட்டியவை. மலையில் ஆக்சில் உடைந்தால் அன்றைக்குக் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது சேஸின் வரலாறு. பேரிங் உட்கார்ந்திருப்பது ஆக்சிலில். அதனால் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லி பேரிங் வாங்காதீர்கள். ஹப்பைத் திறந்து, உள்ளே இருக்கிற எண்ணைப் படித்து, அளவெடுத்து, பிறகு வாங்குங்கள்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். 18590/18520: உள் விட்டம் 41.275 மி.மீ., வெளி விட்டம் 73.025 மி.மீ., மொத்த உயரம் 16.667 மி.மீ. எல்எம் 501349/எல்எம் 501310: உள் விட்டம் அதே 41.275, வெளி விட்டம் 73.431, உயரம் 19.558. உள் விட்டம் ஒன்றேதான். கோனைக் கொண்டுபோய் ஸ்பிண்டிலில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு அழகாக உட்காரும். "பார், சரியாக இருக்கிறதே" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். வித்தியாசம் வெளியே, கப்பில் இருக்கிறது. 0.4 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கப் ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்க வேண்டிய உருப்படி. அங்கே நூறில் ஒரு பங்கு மி.மீ. கூடக் கணக்கில் வரும்.

18520 உட்கார வேண்டிய ஹப்பில் 501310 கப்பை இறக்கப் பார்த்தால் இறங்காது. சுத்தியலால் அடித்து இறக்கினால் கப் விரிசல் விடும், அல்லது கோணலாக ஏறி ஹப்பைச் சீவும். மாற்றிச் செய்தால் இன்னும் ஆபத்து. 501310-க்கான ஹப்பில் 18520 கப்பைப் போட்டால் கையாலேயே இறங்கிவிடும், பூட்டவும் வரும், வண்டியும் ஓடும். கொஞ்ச நாளில் கப் ஹப்புக்குள் சுற்ற ஆரம்பிக்கும். ஹப் தேயும், சக்கரம் ஆடும், பிரேக் டிரம் உரசும். அதற்கப்புறம் எந்த பேரிங்கும் அந்த ஹப்பில் நிற்காது.

அமெரிக்காவில் சிஜே வரிசை ஜீப்புகள் 1970-களின் பிற்பகுதியில் 501349 அளவுக்கு மாறின. அங்கிருந்து வரும் பாகப் பட்டியல்களைப் பார்த்து "சிஜே என்றால் இதுதான்" என்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, எண்ணைப் படிப்பது எப்படி? டேப்பர் ரோலர் பேரிங் என்பது இரண்டு துண்டு. ரோலர்களும் கூண்டும் சேர்ந்த உள் துண்டு கோன், ஹப்புக்குள் இறங்கும் வெளி வளையம் கப். இரண்டுக்கும் தனித்தனி எண். ஹென்றி டிம்கன் 1898-ல் இந்த வகை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அங்குல அளவில் வரும் பேரிங்குகளுக்கு அவர் நிறுவனத்தின் எண்களே இன்று வரை பொது மொழி. எந்த கம்பெனி செய்தாலும் 18590 என்றால் 18590தான். கடைகளில் சுருக்கி 18590/20 என்பார்கள். அது 18590 கோன், 18520 கப் என்று பொருள். எல்எம் என்று தொடங்கும் வரிசையில் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 49, 48 என்று முடிந்தால் கோன், 10, 11, 14 என்று முடிந்தால் கப்.

501349-க்கே ஒன்றுக்கு மேற்பட்ட கப் உண்டு. 501310 போட்டால் மொத்த உயரம் 19.558, 501314 போட்டால் 21.43. வெளி விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் கோன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு "கப் எதுவோ கொடுங்கள்" என்று இருக்கக் கூடாது. கப் எண்ணின் கடைசியில் "பி" என்று ஓர் எழுத்து இருந்தால் அது விளிம்பு வைத்த கப், உங்கள் ஹப்புக்கு ஆகாது. எண்ணின் ஒவ்வோர் எழுத்தும் எதையோ சொல்கிறது. எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

வாயால் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 18690/20 என்று ஒரு பேரிங் இருக்கிறது. எங்கும் கிடைக்கிற சாதாரண அளவு. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் உள் விட்டம் 46.038, வெளி விட்டம் 79.375. கடைச் சத்தத்தில் காதில் தவறாக விழுந்து, பெட்டியோடு வாங்கி மலை ஏறிவிட்டால் ஒரு நாள் போச்சு. இன்னொன்று 11590/20. இது உங்கள் ஜீப்பிலேயே இருக்கிறது, ஆனால் சக்கரத்தில் இல்லை, கிங்பின்னில், அதாவது முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிற மூட்டில். உள் விட்டம் வெறும் 15.875. "ஜீப் முன் பக்க பேரிங், 590/20" என்று சொன்னால் இதையும் எடுத்து வைப்பார்கள்.

கிங்பின் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேரிங் வாங்கும் முன் ஆட்டம் சக்கர பேரிங்கில்தானா என்று பார்த்தீர்களா? முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் அதே ஆட்டம் இருந்தால் கிங்பின்னில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல வீல் பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதும் பழைய ஜீப்பில் சகஜம்.

இப்போது அளவெடுப்பதற்கு வருவோம். எண் தெளிவாகத் தெரிந்தாலும் அளவையும் பாருங்கள். முன்பு யாராவது தவறான பேரிங்கைப் போட்டிருக்கலாம். கோனின் எண் அதன் அகலமான முகத்தில் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கப்பின் எண் சில சமயம் ஹப்பின் தோளோடு ஒட்டிய பக்கம் மறைந்திருக்கும், கழற்றினால்தான் படிக்க முடியும். ஹப்பின் உள்ளே பார்த்தால் கப்பின் ஓரம் தெரிகிற மாதிரி வெட்டு விட்டிருப்பார்கள். பித்தளைத் தண்டை அங்கே வைத்து, ஒரு பக்கம் ஓர் அடி, எதிர்ப் பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றித் தட்டினால் நேராக வெளியே வரும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பைக் கீறிவிடும்.

வெர்னியர் கட்டாயம் வேண்டும். ஸ்கேலும் டேப்பும் இந்த வேலைக்கு உதவாது. பட்டறைக் கணக்கில் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொன்னால் ஸ்பிண்டில் ஓர் அங்குலம் ஐந்து நூல், கப் இரண்டு அங்குலம் ஏழு நூல். ஆனால் 73.025-ஐயும் 73.431-ஐயும் நூல் கணக்கில் பிரிக்க முடியாது. சாதாரண வெர்னியர் போதும், 0.4 மி.மீ. வித்தியாசம் அதில் தெளிவாகத் தெரியும். கழற்றிய கப்பின் வெளி விட்டத்தை முதலில் எடுங்கள். பேரிங்கில் மிகக் குறைவாகத் தேய்கிற இடம் அது. 73.0 பக்கம் வந்தால் 18520. 73.4 வந்தால் 501310 குடும்பம். அப்புறம் ஹப்பின் துளையைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் ஹப் முட்டை வடிவமாகிவிட்டது. ஹப் துளை கப்பைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்க வேண்டும், அந்த இறுக்கம்தான் கப்பைப் பிடித்து வைக்கிறது. கடைசியாக, கோனைக் கப்புக்குள் வைத்து மொத்த உயரத்தை எடுங்கள். 16.7 பக்கமா, 19.5 பக்கமா என்று தெரிந்தால் சந்தேகமே இல்லை.

இடது சக்கரத்தில் எடுத்த அளவை வலது பக்கத்துக்கு நம்பாதீர்கள். கலந்து கட்டிய வண்டியில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

"அங்குல பேரிங் கிடைக்கவில்லை, மில்லிமீட்டர் பேரிங் போட்டு சரிக்கட்டலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மில்லிமீட்டர் வரிசையில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வரும். 30208 என்றால் 40 மி.மீ. உள் விட்டம், 80 மி.மீ. வெளி விட்டம். உங்கள் 41.275 ஸ்பிண்டிலில் அது ஏறவே ஏறாது. ஸ்பிண்டிலைக் கடைந்து குறைத்தால் ஏறும், ஆனால் வண்டியின் முழு பாரமும் தாங்குகிற தண்டைக் கடைந்து மெலிதாக்கி மலைப் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். ஹப்பைக் கடைந்து 501310 கப்புக்கு விரிப்பதும் லேத் பட்டறைகளில் நடக்கிற வேலைதான். அந்த பேரிங் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2.9 மி.மீ. உயரம் கூடுதல். இரண்டு பேரிங் சேர்ந்தால் ஆறு மி.மீ. பக்கம். ஆயில் சீல் உட்காரும் இடம் மாறும், வெளியே லாக் நட்டுக்கு மரை போதாமல் போகும். 18590/20 இன்னும் தயாராகிற அளவு, அழிந்துபோன சரக்கு இல்லை. இரண்டு நாள் காத்திருந்து வரவழைப்பது மேல்.

கப் தளர்ந்துபோன ஹப்புக்குள் சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாக அடித்து, எழும்பிய முனைகளில் கப்பை நிறுத்துவது நம் ஊரில் பரவலான பழக்கம். அந்த முனைகள் சில வாரத்தில் நசுங்கிவிடும். கப் கோணலாக உட்கார்ந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். தளர்வு நூறில் சில பங்கு மி.மீ. மட்டும் என்றால், பேரிங் பிடிப்பதற்கென்றே விற்கும் லாக்டைட் வகைப் பசையை எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்த இடத்தில் பூசி இறக்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு ஹப் தேடுங்கள்.

கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விட்டுவிடுவதும் கூடாது. காசு மிச்சம் போலத் தெரியும். ஆனால் பழைய கப்பில் பழைய ரோலர்கள் போட்ட தடம் இருக்கும், புது ரோலர்கள் அந்தத் தடத்திலேயே கெடும். 18520 கப்புக்குள் 501349 கோனைப் போடுவது அதைவிட மோசம். கப்பின் சரிவும் ரோலரின் சரிவும் அந்த ஜோடிக்கென்றே வடித்தவை. ஜோடி மாறினால் ரோலரின் முழு நீளமும் பதியாது, ஓரத்தில் மட்டும் பாரம் விழும்.

பழைய பேரிங்கைத் தூக்கி எறியும் முன் நன்றாகப் பாருங்கள். எதனால் போனது என்று அதிலேயே எழுதியிருக்கும். ரோலர்கள் நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமலோ அதிகமாக இறுக்கியோ சூடேறியிருக்கிறது. கப்பின் மேல் ரோலர் இடைவெளிக்கு ஒன்றாக வரிவரியாகத் துரு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. தோட்ட ஜீப்புகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ஹப் கொதித்துப் போயிருக்கும்போது ஓடைக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் போதும், துரு பிடித்துவிடும். கிரீஸ் தண்ணியாக, கியர் ஆயில் நாற்றத்தோடு இருந்தால் ஆக்சில் குழாயின் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் ஹப் வரைக்கும் வந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த நல்ல பேரிங் போட்டாலும் நிற்காது.

ஆயில் சீலை பேரிங்கோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய சீலைக் கொண்டுபோய்க் காட்டி, ஸ்பிண்டிலில் அது உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் புது சீலும் ஒழுகும்.

எந்த கம்பெனி? ஜெய்ப்பூரின் என்பிசி, ஜாம்ஷெட்பூரில் ஆலை வைத்திருக்கும் டிம்கன், எஸ்கேஎஃப் எல்லாமே இந்த வேலைக்குப் போதும். உங்கள் எண்ணில் யாருடையது கையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கம்பெனியைவிடச் சரக்கு அசலா என்பதில்தான் கவனம் வேண்டும். போலி பேரிங் நம் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. பெட்டி பளபளப்பாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டியில் உள்ள எண்ணும் உலோகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா, பொறிப்பு சீராக இருக்கிறதா, ரோலர்கள் அரைத்த கோடுகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்கேஎஃப் பேரிங்கைச் சரிபார்க்க அந்த நிறுவனமே ஒரு கைபேசிச் செயலி வைத்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வேண்டாம். பில்லோடு தருகிற கடையில் வாங்குங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, எதிர்ப் பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் பைப் போட்டு இழுத்து ஸ்டட்டை முறித்துவிடுவார்கள். புது கப்பை இறக்க, கழற்றிய பழைய கப்பின் வெளிச் சுற்றைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டு அதையே மேலே வைத்துத் தட்டலாம். தேய்த்ததால் அது ஹப்புக்குள் மாட்டிக்கொள்ளாது. தோளில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் மாறும், கணீரென்று கேட்கும். அது வரை விடாதீர்கள்.

கோனுக்குள் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, ரோலர்களுக்கு நடுவில் இருந்து மறுபக்கம் பிதுங்கி வருகிற வரை ஏற்றுங்கள். லித்தியம் வகை வீல் பேரிங் கிரீஸ் போதும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டுப் போடுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஹப்பின் வயிறு முழுக்க அடைக்கவும் வேண்டாம். சூடேறினால் அது சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்குக்குத்தான் போகும்.

இறுக்குவது பற்றி. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைப் பிடிப்பு வரும் வரை இறுக்கி, பிறகு சுமார் ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுவதுதான் வில்லிஸ் காலத்து முறை. சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டமும் இருக்கக் கூடாது. அப்புறம் லாக் வாஷர், வெளி நட், வாஷரின் காதை மடக்குவது. வெளி நட்டை இறுக்கியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள், சில சமயம் உள் நட்டும் சேர்ந்து நகர்ந்திருக்கும். இந்த நட்டுகளுக்கென்றே பாக்ஸ் ஸ்பேனர் கிடைக்கிறது. உளியை வைத்து அடித்துத் திருப்புகிற பட்டறையாக இருந்தால் ஸ்பேனரை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உளியில் எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது.

பின் சக்கரம் வேறு கதை. சிஜே 3பி-யின் பின் ஹப், கூம்பு வடிவ ஆக்சில் ஷாஃப்டில் சாவியோடு உட்காரும் வகை. பேரிங் ஷாஃப்டின் மேல் இருக்கிறது. ஆட்டத்தை நட்டால் அல்ல, பிரேக் தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷிம் எனும் மெல்லிய தகடுகளால்தான் சரிசெய்ய வேண்டும். முன் சக்கரத்தின் எண்ணை அங்கே போடாதீர்கள். கழற்றினால் ஷிம்களை எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த பேரிங்கின் எண்ணைத் தனியாகப் படித்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாரம் இல்லாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, இரண்டு முன் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம், அன்றைக்கே திறந்து கொஞ்சம் விடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். புது பேரிங் படிந்து லேசாக ஆட்டம் விட்டிருந்தால் உள் நட்டை ஒரு சிறு திருப்பு இறுக்கி, லாக் வாஷருக்குப் புதுக் காது மடக்கிவிடுங்கள்.